அப்பாவின் சொந்தக் குச்சி

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் குச்சிக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு விறகுக்காக ஒவ்வொரு வாசலிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவரைக் கொடிக்கு ஊன்ற ஒன்று, மாட்டை ஓட்ட ஒன்று, வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது என்னை மிரட்டுவதற்காக அம்மா கதவிடுக்கில் சொருகி வைத்த ஒன்று என்று, திரும்பிய பக்கமெல்லாம் குச்சிதான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து என் அப்பா ஒரே ஒரு குச்சி வாங்குவதற்காகக் கண்டிக்குப் போகப் போகிறார் என்று தெரிந்தபோது லயமே சிரித்ததில் தப்பில்லை.

“ஏண்ணே, மலைக்குப் போனா வண்டி வண்டியா கெடக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒண்ணு ஒடிச்சாந்திருப்பேனே” என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கோபம் சுலபத்தில் வராது. அதுவே அந்த வயதில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது.

அப்பா வாங்கப் போனது, மேசைமேல் பந்துகளைக் குத்திக் குழியில் தள்ளுகிற பூல் விளையாட்டின் குச்சி. கியூ என்பார்கள். அந்த ஆசை அவருக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் உத்தியோகத்தர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. கிளாக்கர்மார், டீமேக்கர், மருந்துசாலை ஐயா எல்லோரும் சாயங்காலம் கூடுகிற இடம். எங்கள் லயத்து ஆட்களுக்கு அங்கே தரை கூட்டும் வேலையும் கூரைத் தகரம் மாற்றும் வேலையும் மட்டுமே உண்டு. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் தன் பழைய பூல் மேசையைக் கழித்துவிட்டபோது, கிளப்காரர்கள் அதை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கி வைத்துப் பார்த்தால், பந்தை எங்கே அடித்தாலும் அது ஒரே மூலைக் குழியைத் தேடி ஓடியது. மேசையின் மட்டத்தைச் சரிசெய்யத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு அப்பா போனார். ஒரு மணி நேர வேலை. அதை அவர் மூன்று வாரம் செய்தார். மட்டம் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பந்தை அடிக்க வேண்டும் அல்லவா? அடித்தார். மறுநாள் ஈரத்தில் பலகை உப்பியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. மறுபடியும் அடித்தார். மூன்றாம் வார முடிவில் மேசையும் தேறியது, அப்பாவும் ஒரு மாதிரியாகத் தேறிவிட்டார். புதுசு என்றும் சொல்ல முடியாது, கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது. பத்து அடியில் ஆறு விழும். ஏழாவது பந்து குழியின் விளிம்புவரை போய் நின்று அவரைத் திரும்பிப் பார்க்கும்.

பழுது தீர்ந்த பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போய்ச் சுவரிலிருந்த கியூவை எடுத்திருக்கிறார். அப்போது பெரிய கிளாக்கர் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிக் காட்டினார்.

“இங்க பாருப்பா, கிளப் கியூ எல்லாம் மெம்பர்மாருக்கு மட்டுந்தான். அது ரூல்ஸ். ஒனக்கு வெளையாடணும்னா சொந்தமா ஒண்ணு வச்சிருக்கணும். கொண்டா, தாராளமா வெளையாடலாம்.”

அப்பாவின் முகத்தில் நல்ல சேதி கொண்டுவந்தவரின் களை இருந்தது. “பாத்தியா புள்ள? மேசைக்கு ஒரு தடையும் இல்ல. குச்சிதான் இல்ல” என்றார் அம்மாவிடம்.

அம்மா ரொட்டி மாவு பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “அவரு சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?”

“ஆமா, சிரிச்சுக்கிட்டேதான். எல்லாருந்தான் சிரிச்சாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தாள். வழக்கத்தைவிட அதிகமாகவே பிசைந்தாள். “அப்ப வாங்கிட வேண்டியதுதாங்க” என்றாள். பூல் விளையாட்டில் அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நான்காம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாரையும் முகத்தில் அடித்தாற்போல ‘வராதே’ என்று சொல்வதில்லை. ‘இது இருந்தால் வா’ என்பார்கள். அது உன்னிடம் இருக்காது என்று அவர்களுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவாய், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. காலகாலமாக நடந்து வந்த மரியாதை அது. அப்பா அதைக் கெடுத்துவிட்டார். பெரிய கிளாக்கர் சொன்ன வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லையா, விளங்காத மாதிரி இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது கேட்டாலும் “ரூல்ஸ்னா ரூல்ஸ்தானேம்மா” என்றுதான் சொல்கிறார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அப்பா கைப்பேசியும் கையுமாக இருந்தார். யார் யாரோ வெள்ளைக்காரர்கள் கியூவைப் பற்றிப் பேசுகிற வீடியோக்கள். பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும், ஆனால் சாமானைப் பற்றிய பேச்சு என்றால் பிட்டருக்குப் பாதியே போதும். எடை பத்தொன்பது அவுன்ஸ் இருக்க வேண்டும். மேப்பிள் மரமாக இருந்தால் நல்லது. நுனியில் ஒட்டியிருக்கும் தோல் ரொம்ப மெத்தென்றும் இருக்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. இரண்டாகக் கழற்றுகிற கியூ என்றால் பூட்டும் இடத்தில் ஆட்டம் இருக்கவே கூடாது. இதையெல்லாம் அவர் இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்கு ஒப்பிப்பார். வாய்ப்பாட்டை நான் அந்த அளவுக்கு ஒப்பித்திருந்தால் கதவிடுக்குக் குச்சிக்கு வேலையே இருந்திருக்காது.

விலை விஷயத்திலும் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. “என்னைய மாதிரி நடுவாந்தர ஆளுக்கு நடுவாந்தர குச்சிதான் சரி. ரொம்ப மட்டமானத வாங்குனா, பந்து விழலன்னா குத்தம் நம்மளுதா குச்சியுதான்னு தெரியாது. ரொம்ப ஒசத்தியா வாங்கிட்டா, வெளையாடுறதுக்கே பயமா இருக்கும்.” அந்த வருடத் தீபாவளிக்கு எனக்குப் பாவாடை சட்டை வந்தது. அவர் பழைய சட்டையையே தோய்த்துப் போட்டுக்கொண்டார்.

கண்டிக்கு மூன்று பேரும் போனோம். இறம்பொடை வளைவுகளில் வழக்கம்போல நான் வாந்தி எடுத்தேன். மோந்து பார்ப்பதற்கு அம்மா பையில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, கொண்டுவந்திருந்தாள். விளையாட்டுச் சாமான் கடையில் இருந்தவர் சிங்களவர், இளவயசு. அப்பா சிங்களத்தில் ஆரம்பித்ததும் அவர் தமிழில் பதில் சொன்னார். இருவரும் மற்றவரின் பாஷையைக் கொன்றபடியே நன்றாகப் பேசிக்கொண்டார்கள். அவர் மூன்று விலையில் எடுத்து வைத்தார். மலிவானதை அப்பா தொடக்கூட இல்லை. விலை கூடியதில் கைப்பிடி முழுக்க வெள்ளைப் பூ வேலைப்பாடு இருந்தது. அதை அப்பா இரண்டு கையாலும் வாங்கி, கும்பிடுகிற மாதிரி பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். நடு விலையில் ஒரே மாதிரி நான்கு கியூ இருந்தன. எடை சரி, தோல் சரி, பூட்டு சரி. அப்பா முதலாவதை எடுத்துக்கொண்டு பணத்துக்குச் சட்டைப் பையில் கைவிட்டார்.

“செத்த இருங்க” என்றாள் அம்மா.

அதுவரை கடை வாசலிலேயே நின்றிருந்தவள் உள்ளே வந்தாள். கியூவை வாங்கி, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

“ஒக்கோம எக்கய் நோனா. எல்லாம் ஒண்ணுதான்” என்றார் கடைக்காரர்.

அம்மா கண்ணாடி மேசையின் மேல் ஒவ்வொன்றாகக் கிடத்தினாள். உள்ளங்கையால் மெல்ல உருட்டிவிட்டு, குனிந்து அடியில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்தாள். கொழுந்து எடுக்கிறவர்கள் தேயிலைச் செடியின் தலையில் மெல்லிய கம்பு ஒன்றைக் கிடத்தி, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும்தான் கிள்ளுவார்கள். மட்டக்கம்பு என்று பெயர். கம்பு கோணினால் செடியும் கோணிப்போகும், கங்காணியின் வாயும் சும்மா இருக்காது. அம்மா பதினைந்து வருடமாக அந்தக் கம்போடு மலை ஏறி இறங்குகிறவள். நல்ல கம்பு அமையும்வரை அவள் வேலையே தொடங்கமாட்டாள் என்று சொல்வார்கள்.

“இது நடுவுல வயிறு தள்ளியிருக்கு. இது நுனி எறங்குது. இது வேணவே வேணாம்” என்று மூன்றை ஒதுக்கினாள். நான்காவதை அப்பாவின் கையில் கொடுத்தாள். “இத வாங்குங்க. இது மட்டமா இருக்கு.”

கடைக்காரர் ஒதுக்கியவற்றில் ஒன்றை எடுத்துத் தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். “நோனா நல்லா விளையாடுறதா?”

“இல்ல மல்லி, கொழுந்து எடுக்குறது” என்றாள் அம்மா, தம்பி என்பதற்கு அவர் பாஷை வார்த்தையையே போட்டு.  கடைக்காரர் கியூவை வைக்க ஒரு கறுப்பு உறையை இனாமாகத் தந்தார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அப்பா குளித்து, கால்சட்டை போட்டு, அம்மா தேய்த்துக் கொடுத்த சட்டையில் கிளப்புக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா தடுப்பாள் என்று நினைத்தால், “கூட்டிட்டுப் போங்க, தொணைக்கு இருக்கட்டும்” என்றாள். வளர்ந்த மனிதருக்கு நான் என்ன துணை என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

கிளப் வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளே நான்கு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் சப்பாத்து போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டார். உறையைத் திறந்து, இரண்டு துண்டையும் பூட்டி, வராந்தாவில் நின்றார்.

“அட, நெசமாவே வாங்கியாந்துட்டியா!” என்று டீமேக்கர் சத்தமாகச் சிரித்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் அவர்தான் மேலதிகாரி. அப்பாவும் சிரித்து, “ஆமாங்கய்யா” என்றார். பெரிய கிளாக்கர் மட்டும் சிரிக்கவில்லை. “ஆட்டம் நடக்குதுப்பா. கொஞ்சம் பொறு” என்று சொல்லிவிட்டு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறுத்தோம். ஒரு ஆட்டம் முடிந்தது. அவர்களே இன்னொன்று தொடங்கினார்கள். அதுவும் முடிந்தது. அப்பா ஒவ்வொரு நல்ல அடிக்கும் வெளியிலிருந்தபடியே “அடடா” என்றார். பனி இறங்கத் தொடங்கியது. என் கால் விறைத்துப்போயிற்று. மூன்றாவது ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்கியபோது அப்பா கியூவைப் பார்த்தார், வந்த பாதையைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதன் பூட்டைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பெரிய கிளாக்கர் வெளியே எச்சில் துப்ப வந்தார். நான் அவரிடம் நேராகப் போனேன். அவருக்கு மறந்துவிட்டிருக்கும், நினைவுபடுத்தினால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

“ஐயா, நீங்க சொன்ன மாதிரியே சொந்தக் குச்சி வாங்கிட்டோம். கண்டிக்குப் போயி வாங்கியாந்தோம். நான் ரெண்டு தரம் வாந்தி எடுத்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையில் பாதி கழன்றிருந்த கியூவைப் பார்த்தார். நல்ல மனிதர்தான் அவர். பக்கத்துத் தோட்டத்து லயமொன்றில் பிறந்து, படித்து, அந்தக் கிளப்புக்குள் காலெடுத்து வைத்தவர் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். 

“கழட்டாதப்பா” என்றார். “உள்ள வா. என்னோட ஒரு ஆட்டம் போடு.”

நான் கதவருகில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டேன். யாரோ எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார்கள். அப்பா மூன்று ஆட்டம் ஆடினார். பெரிய கிளாக்கரோடு இரண்டு, டீமேக்கரோடு ஒன்று. நடுவில் பெரிய கிளாக்கர் அந்தக் கியூவை வாங்கிப் பார்த்து, “நல்ல சாமான்யா. யாரு பாத்து எடுத்தது?” என்று கேட்டார். “எங்க வீட்டுல எடுத்ததுங்கய்யா” என்றார் அப்பா. மூன்று ஆட்டத்திலும் அப்பா தோற்றார். விட்டுக்கொடுத்துத் தோற்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு பாடுபட்டுத்தான் தோற்றார். ஏழாவது பந்து அன்றும் விளிம்பில்தான் நின்றது. புறப்படும்போது பெரிய கிளாக்கர், “அடுத்த ஞாயித்துக்கெழம வாப்பா” என்றார். வேறெதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். கண்டிக்குப் போய், வாந்தி எடுத்து, இத்தனை பாடுபட்டு வாங்கிய குச்சியோடு தோற்றுவிட்டு வருகிற மனிதர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? லயத்துக்கு வந்ததும், வாசலில் நின்றவர்களிடம் அவரே கூவினார்: “மூணு ஆட்டம்! மூணுலயும் தோல்வி!” எனக்கு மானம் போயிற்று.

அம்மா வாசற்படிக்கு ஓடி வந்தாள். “மூணு ஆட்டமா? உள்ளுக்குள்ளயா?”

“உள்ளுக்குள்ளதான் புள்ள. மேசையில.”

அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். என் பிறந்தநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த சவ்வரிசியை உலையில் போட்டாள். பால்மா கரைத்து, சீனி போட்டு, முந்திரிகை வற்றல் வறுத்துப் போட்டு, பண்டிகைக்கு வைக்கிற மாதிரியே பாயாசம் வைத்தாள். பக்கத்துக் காம்பரா அத்தைக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. நான் தொடமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

“தோத்ததுக்கு யாராச்சும் பாயாசம் வைப்பாங்களாம்மா?”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அடுப்புப் புகை என்றாள். அப்பா இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினார். ஜெயித்தால்தான் பாயாசம் என்று நினைத்துக்கொண்டு நான் வெறும் வயிற்றோடு படுத்துத் தூங்கிவிட்டேன். அன்று ஜெயித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.