மகளுக்கு எது நேட்டிவ்?

ஈப்போவில் தேநீர் குடிக்கப் போனாலும் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். அடையாள அட்டை இல்லாமல் தெருவில் நடந்தால் போலீஸ் பிடித்துக்கொள்ளும். பத்து வருஷமாய் இதே பழக்கம். ஊரில் இன்னார் மகன் என்றால் போதும். இங்கே காகிதம் சொன்னால்தான் நான் நான். அதனால் விண்ணப்பப் பாரங்களில் வரும் ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம். அதிலும் இந்த ‘நேட்டிவ்’ இருக்கிறதே, அதை நான் நம்பியதே இல்லை.

சமஸ்தானம் இருந்தவரை எங்கள் புதுக்கோட்டையை ‘நேட்டிவ் ஸ்டேட்’ என்பார்கள். அப்போது அந்தச் சொல்லில் ஒரு மிடுக்கு இருந்தது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போயிற்று, நானும் கப்பலேறினேன். இங்கே ரப்பர்த் தோட்டத்துத் துரை அதே சொல்லைக் காறித் துப்புவதுபோல் எங்களைப் பார்த்துச் சொன்னார். அகராதியைப் புரட்டினேன். பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். பிறப்பு யோக்கியந்தான், சேர்க்கைதான் சரியில்லை.

மகளுக்குக் குடியுரிமை கேட்டபோது அது என் காலையே வாரியது. பாரத்தில் ‘நேட்டிவ் பிளேஸ்’ என்ற இடத்தில் கீரனூர் என்று எழுதியிருந்தேன். பிள்ளை எங்கே பிறந்தாலும் அப்பன் ஊர்தானே சொந்த ஊர்? பிறப்புச் சான்றிதழோ ஆலங்குடி என்றது. அது என் மனைவி செல்லம்மாவின் ஊர். மலாய்க்கார அதிகாரி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இவள் உங்கள் பிள்ளைதானா? இங்கே ஆஸ்பத்திரி இருக்க, மனைவி எதற்குக் கப்பலேறிப் போனாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எட்டு வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ?

“என்னங்க கேக்குறாரு?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லம்மா. சொன்னேன். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“தலப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போகாம வேற எங்கிட்டுப் போவாக? அவுக வீட்டுப் பொம்பளைக போறதில்லையா? கேளுங்க!”

கோபத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“என் மனைவியும் இப்போது கிளந்தானில், அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்,” என்றார்.

பிறகு பாரத்தை என் பக்கம் தள்ளினார். கீரனூரை அடித்து ஆலங்குடி என்று எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட்டால் மனு மேலே போகும் என்றார். இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று அந்தத் தாளை இரண்டு தரம் படித்தேன். ஒன்றுமில்லை. அடித்தேன். என் இனிஷியலில் முதல் எழுத்து ஊர், இரண்டாவது அப்பா. கீரனூரை அடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதே கையால், கீரனூரின் எழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.