டோக்கன் அக்கா வரிசையில் நின்ற கதை

கண் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக டோக்கன் கூப்பிடுகிறவளை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்காதான். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்கள்கூட அவள் குரலை வைத்தே டாக்டர் அறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளிடம் சிபாரிசு மட்டும் செல்லாது. ஒருமுறை பெரிய டாக்டரின் மாமனாரே வந்து, "நான் யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். நாப்பத்தேழு" என்றாள். அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ராட்சத ஓநாயோடு சண்டை போடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் தம்பியால் வந்த வினை. எட்டு வயது இளையவன்; சரக்குக் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். கப்பலுக்குப் போன புதிதில் கரை தொடும்போதெல்லாம் போன் செய்வான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" "ம்." அதோடு சரி. இரண்டு பேருக்கும் பாசம் நெஞ்சு நிறைய, வாயில்தான் பேச்சு வராது. அவன்தான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தான். அதில் அவன் வாள்வீரன். அவன் வெட்டுப்பட்டு விழுந்தால் மந்திரம் போட்டு எழுப்பிவிடும் வைத்தியச்சி அவள். அவன் கரையில் இருக்கும் நாட்களில், ஓநாயை அடிக்கிற சாக்கில் வயிற்று வலி, வீட்டுக்காரரின் குறட்டை, கப்பல் சமையல்காரனின் அட்டூழியம் எல்லாம் பேசித் தீர்த்தார்கள். கூட ஆடும் பேக்கரிக்காரரும் வக்கீலும் அவளை 'டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் டாக்டர்களுக்கு நடுவில் நின்றவளுக்கு அந்தப் பட்டம் அங்கேதான் கிடைத்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

விளையாட்டை நடத்தும் கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதில் புதிதாக ஒரு நாட்டைத் திறந்துவிடும். திறக்கிற அன்று உலகமே முண்டியடிக்கும். சர்வர் தாங்காது. அதனால் ஆளுக்கு ஒரு எண் கொடுத்து வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். முன்பு இரண்டு தடவையும் அக்காவும் தம்பியும் முதல் நாளே சேர்ந்து அந்த வாசலைத் தாண்டினார்கள். இந்தத் தடவை திறப்பு காலை பத்து மணிக்கு. தம்பிக்குப் பதினொரு மணிக்குத்தான் கப்பலிலிருந்து இறங்க அனுமதி, இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதன்பிறகு நாலு மாதம் கடல். கப்பலில் கிடைக்கும் இணையத்தில் ஒரு போட்டோ அனுப்பவே அரை நாள் ஆகும். அவன் வருவதற்குள் புது நாடு பழைய நாடாகிவிடும். ஆக, அந்த மூன்று மணி நேரத்துக்குள் போனால் உண்டு.

லீவு கிடைக்காது, அரை நாள் வேலை பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். கடைசி நேரத்தில் லீவு கிடைத்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை, திடீரென்று உள்ளே நின்று அவனை அசத்தத் திட்டம். பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் தன் விளையாட்டுக் கணக்கைத் திறந்தாள். 'உங்களுக்கு முன் 11,208 பேர்.' அடுத்து பழைய லேப்டாப்பில் தம்பியின் கணக்கையும் திறந்தாள். அவன் வருவதற்குள் அவனுக்கும் ஒரு இடம் பிடித்து வைக்கலாமே! அவனுக்குத் தெரிந்தால் கத்துவான். போன வருடம் இப்படி நுழைந்து, அவன் ஆறு மாதம் பாடுபட்டுச் சம்பாதித்த வாளைப் பழைய இரும்பு என்று நினைத்து விற்றுவிட்டாள்.

திரையின் அடியில் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஓடிக்கொண்டிருந்தது. தினமும் நூறு தடவை அவள் சொல்லும் வார்த்தைதான். இந்தப் பக்கம் நின்று கேட்கும்போதுதான் அதைச் சொல்கிறவர்களை அறையலாம் போல இருந்தது.

பதினொன்றேகாலுக்கு எண் ஐந்தாயிரத்துக்கு இறங்கியிருந்தபோது இரண்டு திரையிலும் ஒரே சமயத்தில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. பதறிப்போய் மறுபடி நுழைந்தாள். ஒன்பதாயிரத்து நானூறு! பத்து நிமிடத்தில் மறுபடி துண்டிப்பு, மறுபடி கடைசி. கம்பெனிக்காரன் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினாள்.

தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, வேலைல இருக்கியா?"

"ஆமாடா, சரியான கூட்டம். நீ எங்க இருக்கே?"

"துறைமுகத்துக்கு வெளிய ஒரு கம்ப்யூட்டர் கடைல. பாவிங்க, என்னைத் தூக்கித் தூக்கி வெளிய போடறாங்க."

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று அனுப்பிவிட்டு, தானும் ஆறாவது தடவையாகக் கடைசியில் போய் நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரர் தட்டோடு வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து வாங்கின விளையாட்டுக்கு வெளிய நிக்கிறியே, இதுவும் விளையாட்டுல சேர்த்தியா?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்த தடவை இரண்டும் அறுந்தபோது அவள் சோர்ந்துபோனாள். இந்தத் தடவை ஒருத்தராவது உள்ளே போனால் போதும். நான் நாளைக்கும் போகலாம், அவனுக்கு நாளை கிடையாது என்று நினைத்தாள். தன் கணக்கை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பில் தம்பியின் கணக்கை மட்டும் திறந்தாள். என்ன அதிசயம், அதன்பிறகு அது அறுந்துபோகவே இல்லை. எண் மளமளவென்று இறங்கியது.

ஒன்றேகாலுக்குப் பொறுமை தாங்காமல் போன் செய்தாள்.

"எங்கடா நிக்கிறே?"

"சூப்பர்க்கா! நூத்திப் பதினஞ்சு! இன்னும் அஞ்சு நிமிஷம்."

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். "அது எப்படிடா? இங்க ரெண்டாயிரத்து நூறுன்னு காட்டுது?"

"இங்கன்னா எங்க?"

"அது... வீட்டுல."

"வீட்டுல யாரோட நம்பர்?"

"உன்னோடதுதாண்டா."

"அக்கா! என் கணக்குக்குள்ள மறுபடி போனியா?"

"நீ நூத்திப் பதினஞ்சுன்னியே, அது யாரோடது?"

இப்போது அவன் முறை. "உன்னோடது" என்றான் மெதுவாக. "நீ வேலைல இருக்கேன்னுதானே சொன்னே? உனக்கும் சேர்த்து இடம் போடலாம்னு ரெண்டு மெஷின் எடுத்தேன். ரெண்டும் அறுந்துட்டே இருந்துச்சு. சரி, நான் போகலன்னாலும் நீயாவது போன்னு என்னோடதை விட்டுட்டேன்."

குட்டு வெளிப்பட்டது. ஒரு கணக்கை இரண்டு இடத்தில் திறந்தால் முதலில் திறந்தவனை வெளியே தள்ளுவதுதான் அந்த விளையாட்டின் விதி. ஒரு மணி நேரமாக அக்கா தம்பியைத் தள்ளினாள், தம்பி அக்காவைத் தள்ளினான். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த பிறகுதான் தள்ளுமுள்ளு நின்றது. பாவம், கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறை!

"இப்ப மாத்திக்கலாமாக்கா?"

"மாத்தினா ரெண்டு பேரும் கடைசிக்குப் போயிடுவோம். நீ என் கணக்குலயே உள்ள போ. போனைத் திருப்பிக் காட்டு."

அப்படியே போனான். புது நாட்டின் வாசல் மலையளவு உயரம். தாண்டினால் நீலக் காடு, தலைக்கு மேலே நீந்தும் மீன்கள். கையளவு போன் திரையில், ஆடுகிற படத்தில், அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். "இடது பக்கம் போடா. அங்க இல்ல, மரத்துக்கிட்ட!" அவனுக்கு வெட்டத்தான் தெரியும், வைத்தியம் தெரியாது. கண் எதிரே பேக்கரிக்காரர் கரடியிடம் மாட்டிச் செத்தார். "டாக்டர், இன்னைக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று எழுதினார் வக்கீல். அக்கா சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார்.

ஒன்று ஐம்பதுக்கு அவன் குரல் இறங்கியது. "நான் கிளம்பணும்க்கா. உன்னை வாசல் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன். மூணு மணி வரைக்கும் மெஷினுக்குக் காசு கட்டிட்டேன், மூடல. சும்மா இருந்தா அரை மணி நேரத்துல விளையாட்டே உன்னை வெளிய அனுப்பிடும்."

"சாப்பிட்டியாடா?"

"ம். நீ?"

"ம்."

போன் அணைந்தது. இனி நாலு மாதம் கழித்துத்தான்.

இரண்டு ஐந்துக்கு லேப்டாப்பில் எண் மறைந்து வாசல் திறந்தது. தம்பியின் வாள்வீரனாக அவள் உள்ளே போனாள். நீலக் காட்டு ஓரத்தில் அவளுடைய வைத்தியச்சி, அவன் உட்கார வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். தட்டுத் தடுமாறி வாள்வீரனை நடத்திக்கொண்டுபோய், அவள் பக்கத்தில் ஒட்டினாற்போல உட்கார வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உயிர் பிழைத்துவந்த பேக்கரிக்காரர் அவர்கள் முன்னால் குதித்தார். "என்ன ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கீங்க? வெளிய பத்தாயிரம் பேர் இடத்துக்குத் தவிக்கிறான். வாங்க போகலாம்!"

"பத்து நிமிஷம் பொறுங்க சார்" என்று டைப் அடித்தாள் டோக்கன் அக்கா. "ஒரு ஆள் கிளம்பணும்."