பரசுராமன் நின்றுபோன காலை

“தம்பி, உங்க அண்ணன் நின்னுட்டாருப்பா!”

போன ஞாயிறு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எதிர் ஃபிளாட் தேவகி அக்கா வாசலில் நின்று சொன்ன வார்த்தை இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அக்காவின் கணவர் பரசுராமன் அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது!

அண்ணனுக்குப் பாடி ஏரியாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஓய்வுபெற்றதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வெளிநாட்டில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறார்கள். அது சும்மா இருக்கும் நேரத்தில் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பும். அண்ணனும் அதில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. பெயருக்கு எதிரே பாயின்ட் ஏறும், அவ்வளவுதான். அண்ணன் போன பிறகும் அக்கா அதை அணைக்கவில்லை. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, அவர் பெயருக்கு எதிரே எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்.

அன்று ஏறவில்லை. ‘வேலை எதுவும் இல்லை’ என்று திரையில் வந்துகொண்டிருந்தது.

“காலைலேர்ந்து அமுக்கிகினே கீறேன். இன்னா தம்பி ஆச்சு இதுக்கு?”

விசாரித்தேன். வேலையைப் பிரித்து அனுப்புகிற ஆராய்ச்சிக்காரர்களின் சர்வர் பழுதாகி, அப்போதுதான் எழுந்திருக்கிறது. கொடுக்க வேலையும் கொஞ்சம்தான். உலகம் முழுக்க இருக்கிற தொண்டர்கள் ஒரே நேரத்தில் “எனக்கு வேலை கொடு” என்று முண்டியடிக்க... அது மறுபடி திணறுகிறது. பூந்தமல்லியில் ரொம்ப நேரம் கழித்து ஒரு பஸ் வந்தால் என்ன ஆகும்? அதேதான். எங்கள் ஆபீஸில் வேலை வரவில்லையே என்று ஏங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை கூட்டம்!

“நீங்க அமுக்க அமுக்க அது இன்னும் திணறும்க்கா. விட்ருங்க.”

விட்டார். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. நான் ஐ.டி.க்காரன் இல்லையா? செட்டிங்கைத் திறந்தேன். பல நாளைக்கான வேலையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வழி இருந்தது. மாற்றினேன். மதியம் சர்வர் லேசாக மூச்சுவிட்ட நேரம் பார்த்து, வேலைகள் மளமளவென்று வந்து குவிந்தன.

“இனிமே அண்ணன் நிக்கவே மாட்டாரு!” பெருமையாகச் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. திரையையே பார்த்தார்.

“இத்தினியும் நம்மளுக்கா? இருக்கிறதே கொஞ்சம்னு சொன்னியே... மத்தவங்களுக்கு?”

நான் தலையைச் சொறிந்தேன்.

“தண்ணி லாரி வர்றப்போ அவரு ரெண்டு கொடத்துக்கு மேல புடிக்க வுடமாட்டாரு தம்பி. நான் மூணாவது வெச்சா கத்துவாரு. பின்னாடி நிக்கிறவங்க இன்னா பண்ணுவாங்கம்பாரு. இப்ப அவரு பேர்லயே இப்டி ரொப்பி வெச்சா நல்லாவா கீது? திருப்பிக் குட்த்துடு.”

“கொடுத்தா மறுபடி நின்னுடுவாரேக்கா...”

அக்கா திரையில் அண்ணன் பெயரை விரலால் தொட்டார். அவர் எதைக் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“ரெண்டு மட்டும் வெச்சுகினு மீதியக் குட்த்துடுப்பா.”

அப்படியே செய்தேன். திருப்பியதெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும். உதவி செய்ய ஓடி வருகிறவர்களுக்கும் ஒதுங்கி நிற்கத் தெரிய வேண்டியிருக்கிறது. இது எனக்கு எந்த ட்ரெய்னிங்கிலும் சொல்லித்தரப்படவில்லை.

அந்த இரண்டும் முடிந்துவிட்டன. இன்று காலை படியிறங்கும்போது கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டேன். “அண்ணன் எப்படிக்கா?”

காபியை ஆற்றிக்கொண்டே அக்கா சொன்னார்:

“லைன்ல நிக்கிறாரு தம்பி. அவரு மொறை வரும்.”