பால் பாலம்

எனக்குப் பேச வராது. என் கல்யாணப் பந்தியிலேயே குழம்பு கேட்க வெட்கப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவன் நான். அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் கொட்டாய்க்காரர்கள் நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு யோசனை சொல்ல அனுப்பினார்கள்.

கொட்டாய் என்றால் வயல்காட்டுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வீடுகள், அவ்வளவுதான். எண்பதுகளில் அங்கே எல்லோரும் தக்காளி போட்டிருந்தோம். தார் ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஓடை. மழை பெய்தால் வண்டி இறங்காது. கூடையைத் தலையில் வைத்து இடுப்புத் தண்ணீரில் தாண்டி, பாலக்கோடு மண்டிக்குப் போவதற்குள் ஏலம் முடிந்திருக்கும். அந்த வருஷம் இரண்டு பறிப்பு முழுசாக மாட்டுக்குப் போனது. கடைசியில் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் மைக் கட்டிய ஜீப் ஒன்று வந்தது. இனிமேல் திட்டத்தை டெல்லியில் உட்கார்ந்தே போட்டுவிட மாட்டார்களாம். பல்கலைக்கழகத்துக்காரர்களும் அதிகாரிகளும் ஊருக்கே வந்து கேட்பார்களாம். கொட்டாய்க்கு ஒருவர், ஒரே ஒரு தேவையைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் திட்டக் கூட்டம்.

"திட்டற கூட்டமா? அப்ப நானே போறேன்" என்றாள் என் மனைவி.

பக்கத்துக் காட்டு மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ போனா ஜீப்ப வுட்டுட்டு ஓடிப்புடுவாங்க தங்கச்சி. மாப்ள அஞ்சாவது படிச்சவரு, அவரே போவட்டும்."

மூன்று நாள் தக்காளிக் காட்டில் ஒத்திகை. மனைவி வரப்பில் உட்கார்ந்து அதிகாரி ஆகிவிடுவாள்.

"ம், உங்க கொட்டாய்க்கு இன்னா வேணும்?"

"பாலம்ங்க."

"காதுல வுழல."

"பாலம்ங்க!"

"செடிகிட்ட ரகசியம் பேசறீங்களா மாமா?"

கூட்டத்தன்று பார்த்தால், நான் படித்த அதே வகுப்பறை. பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கரும்பலகையில் கொட்டாய்களின் பெயரை வரிசையாக எழுதி, எதிரே அவரவர் தேவையை எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவர் கிணற்றுக்குக் கரண்ட் கேட்டார். இன்னொருவர் டவுன் பஸ் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றேன். அது கீயென்று கத்தியது. பயத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். முன்பாதி மைக்கில் போனது. 'ம்' என் தொண்டைக்குள் போனது.

மாணவி எழுதினாள்: பால்.

பேராசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அருமைங்க! காலையில இருந்து யாருமே பால் உற்பத்தி பத்திச் சொல்லல. உங்ககிட்ட மாடு எத்தனைங்க?"

பெரிய மனிதர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "ரெண்டுங்க" என்றேன்.

"எவ்வளவு கறக்குது?"

"ரெண்டும் எருதுங்க."

கூரை பறந்துவிடும்போல் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்துவிட்டு, "கறவை மாடும் சேத்து எழுதிக்கங்க" என்றார். பக்கத்திலிருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்த நோட்டில் ஏறிவிட்டால் டெல்லி வரைக்கும் எங்களுக்குப் பால்தான். கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சான் பதறி எழுந்தார். "கொட்டாய்க்கு ஒருத்தர்தான் பேசணும், உக்காருங்க" என்று அதிகாரி அமர்த்திவிட்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே என் மனைவியின் முகம் தெரிந்தது.

"பாலுன்னா சொன்னீங்க? வூட்டுக்கு வாங்க மாமா, இருக்குது!"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஆனால் கால் தானாக நடந்தது. பலகைக்குப் போய், 'ல்' மேலிருந்த புள்ளியைக் கட்டைவிரலால் துடைத்தேன். மாணவியிடம் சாக்பீஸை வாங்கிப் பக்கத்தில் ஒரு 'ம்' போட்டேன். புள்ளியை அழுத்தி வைத்ததில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"பாலம்!" என்று வாசித்த மாணவி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எதுக்குங்க, எருது தாண்டறதுக்கா?" என்றார் பேராசிரியர்.

"தக்காளி தாண்டறதுக்குங்க!"

மைக் இல்லாமலே சொன்னேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. யார் பேசியது என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினார்.

திரும்பும்போது ஓடையில் முழங்கால் தண்ணீர். "பாத்து வாங்க மாமா, கால வச்சா பாலு திரிஞ்சிடும்" என்றாள் மனைவி. மச்சான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டார். மூன்று பேரும் அதைத் துரத்திக்கொண்டு ஓடி, தலை முதல் கால் வரை நனைந்து வீடு சேர்ந்தோம்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. அளக்க வந்தார்கள், போனார்கள், மறுபடி அளந்தார்கள். நாலு மழைக்காலம் கழிந்த பிறகு ஒரு வழியாகக் கட்டி முடித்தார்கள். முதல் லோடு போன அன்று, என் மனைவி பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மச்சான் வீட்டில் வாங்கிய ஒரு சொம்புப் பாலைப் பாலத்தின்மேல் ஊற்றினாள்.

"மொதல்ல அதத்தான எழுதனாங்க. அதுக்கும் மரியாத பண்ணணும் இல்ல?"

அன்றைக்கு வைத்த பெயர்தான், பால் பாலம். பஸ் கண்டக்டர்கள்கூட அப்படித்தான் சொல்லி இறக்கிவிடுகிறார்கள்.

அந்த லோடு போய்ச் சேர்ந்தபோது மண்டியே திறக்கவில்லை. வாட்ச்மேன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "இன்னாங்க இவ்வளவு சீக்கிரம்?" என்றார். நாங்கள் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.