கஞ்சி போட்ட ஜெர்சிகள்

தொண்ணூறுகளில் எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வந்ததிலிருந்து, மாதாமாதம் அதில் ஒரு பங்கு எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்புக்குப் போனது. மின்சார ரயிலில் கூட வரும் தோழிகளுக்கு இது பெரிய வேடிக்கை. "நகைச் சீட்டு கட்டுவாங்க, புடவைச் சீட்டு கட்டுவாங்க, நீ என்னடி பந்துக்குக் கட்டற?" என்பார்கள். ஒருத்தி மட்டும் எனக்காகப் பரிந்து பேசுவாள். "அவங்க அப்பா ஃபுட்பால் பைத்தியம்டி. ரத்தத்துல வந்தது." ரத்தத்தில் எனக்கு வந்தது சர்க்கரை வியாதி. அதை மறுக்கவில்லை. கிளப் அந்த வழியாக வரவில்லை.

அப்பா ரயில்வேயில் கிளார்க். தாம்பரத்தில் குவார்ட்டர்ஸ். அவர் பந்தை உதைத்து நான் பார்த்ததே இல்லை. தெருவில் உருண்டு வந்த பந்தைக்கூடக் குனிந்து கையால் எடுத்துத்தான் கொடுப்பார். ஆனால் கிளப்புக்கு அவரைப் போல ஒரு ஆதரவாளர் கிடையாது. தாத்தாவும் அப்படித்தானாம். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வீடு வரவில்லை, நிலம் வரவில்லை, இது மட்டும் வந்தது. வந்ததை எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் ஒரே பெண். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மைதானத்துக்குக் கூட்டிப் போவார். சாப்பாட்டு நேரத்தில் தட்டைச் சுற்றி டம்ளர்களை நகர்த்தி ஆஃப்சைடு விளக்குவார். எனக்கு மைதானத்தில் பிடித்தது வேர்க்கடலை. ஆட்டம் முடிவதற்கு முன்னால் பொட்டலம் முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரிப்பேன். அன்பாகச் சொல்லிக் கொடுத்தால் எல்லாம் ஏறிவிடும் என்று நினைக்கிறவர்கள் என் அப்பாவிடம் விசாரித்திருக்கலாம்.

கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெர்சி ஒரே ஒரு செட்தான், நாவல்பழ நிறத்தில் காலர் வைத்த பருத்திச் சட்டைகள். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் அத்தனையும் ஒரு சாக்குப் பையில் ஏறி, யாராவது ஒரு ஆதரவாளர் வீட்டுக்குப் போகும். அடுத்த மேட்சுக்கு அந்த வீட்டுக்காரர்கள் துவைத்துக் கொண்டு வர வேண்டும். முறை வைத்துப் போகும். முறை தவறினால் அசிங்கம். மற்ற வீடுகளில் பெண்கள் துவைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவே குழாயடியில் குந்தி உட்கார்ந்து துவைப்பார். "கட்டின புருஷன் துணியைத் துவைக்கலாம். ஊர்ல ஓடறவன் வேர்வையெல்லாம் என்னால முடியாது," என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. பந்துக்கு பிளாடர், முழங்காலுக்குப் பட்டை, வெளியூர் மேட்சுக்கு வேன் வாடகை என்று அப்பாவின் கை எப்போதும் பையில்தான் இருக்கும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. இவர் அளக்காம மைதானத்துல போடறார்," என்பாள். எண்பதுகளின் நடுவில் அந்த வருஷம் மிக்ஸி வாங்கித் தருவதாக அப்பா சத்தியமே செய்திருந்தார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாவற்றிலும் காலையில் உர்ரென்று மிக்ஸி ஓடும். எங்கள் வீட்டில் அம்மி. தீபாவளி போனஸ் வந்த அன்று அப்பா மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். மிக்ஸி வரவில்லை.

"ஃபைனலுக்கு வந்திருக்கோம். பசங்க கிழிஞ்ச பூட்ஸ்ல ஆடறாங்க. பாக்க சகிக்கல," என்றார்.

அடுத்த நாளிலிருந்து சட்னிக்கு அம்மா அம்மியில் இழுத்த இழுப்பு தெருமுனை வரை கேட்டது. அந்த அம்மிக்கு வாய் இருந்திருந்தால் அப்பாவைத்தான் திட்டியிருக்கும்.

பூட்ஸ் வாங்கிக் கொடுத்த கொஞ்ச நாளில் அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. குடல்வால். ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்து அவர் கண்ணைத் திறந்தபோது அம்மா கட்டில் பக்கத்தில் நின்றாள். பயந்து, அழுது, முகமெல்லாம் வீங்கியிருந்தது. "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, கைல ஒண்ணும் இல்லாம இந்தப் பொண்ணை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?" என்று கேட்டாள். "இதோட கிளப்பை விட்டுடணும். இனிமே அந்தப் பேச்சே நம்ம வீட்டுல கூடாது," என்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. வலியால் இல்லை என்று எட்டாவது படிக்கிற எனக்கே தெரிந்தது. கடலைக்காக மைதானம் போனவள்தான் நான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவர் மெதுவாகச் சொன்னார். "சாக்கு நம்ம வீட்டுலதான் இருக்கு. நம்ம முறை. ஞாயித்துக்கிழமை ஃபைனல். யாரையாவது வந்து எடுத்துக்கச் சொல்லிடு. துவைக்கல."

யாரையும் வரச் சொல்லாமல் அம்மா சனிக்கிழமை காலையில் சாக்கைத் தானே அவிழ்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இப்பிடியேவா தூக்கிக் குடுக்கறது? இன்னார் வீட்டிலிருந்து அழுக்குத் துணி வந்ததுன்னு பேசுவாங்க," என்றாள். அம்மாவின் கௌரவம் முழுக்கத் துணியில் இருந்தது. அப்பாவின் ஆபீஸ் சட்டை, என் யூனிஃபார்ம், தலையணை உறை வரை கஞ்சி போடாமல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. கஞ்சி போடாத துணி துவைத்த துணியே அல்ல என்பது அவள் கட்சி.

ஊற வைத்தாள். சோப்புப் போட்டு அடித்து அலசினாள். அத்தனை சட்டைக்கும் எங்கள் வீட்டுச் சோற்றுக் கஞ்சி போதவில்லை. என் கையில் தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து அக்கம்பக்கத்துக்கு அனுப்பினாள். வீடு வீடாகப் போய் "கஞ்சி வடிச்சிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டு வாங்கி வந்தேன். வெளியே மழை என்பதால் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஃபேனைப் போட்டுக் காய வைத்தோம். அப்புறம் இஸ்திரி. மடித்து அடுக்கியபோது சட்டைகள் அப்பளக் கட்டு போல விறைப்பாக இருந்தன. சாக்கில் திணித்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று புதுப் போர்வையில் சுற்றிக்கொண்டாள். கொடுத்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடுவதாகத்தான் பேச்சு.

மைதானத்தில் ஆட்டக்காரர்கள் சட்டையை எடுத்துப் பிரித்தார்கள். பட்டுப் பட்டென்று சத்தம் வந்தது. கேப்டன் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். நல்ல மனுஷர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சட்டையைத் தலைவழியாக இழுத்துவிட்டு இரண்டு கையையும் இறக்க முடியாமல் நின்றார்.

"இன்னா அண்ணி, சட்டை தானா நின்னுகினு கீது? நான் உள்ள போவணுமா, இல்ல அதுவே போய் ஆடிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பியவள், சட்டென்று நின்றாள். கீழே, அவர்கள் கால்களைப் பார்த்தாள். அத்தனையும் புது பூட்ஸ், கறுப்பாக, பளபளவென்று.

"இதானா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். ஆட்டம் தொடங்கி அவர்கள் ஓடியபோது, "அதோ ஓடுது பார் என் மிக்ஸி," என்றாள்.

அதற்கப்புறம் அவள் நகரவில்லை. ஆட்டத்தின் விதி ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பூட்ஸை மட்டும்தான் பார்த்தாள். எங்கள் ஆள் ஒருவன் காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே பந்தை அடித்தான். "அடப் பாவி! அம்மாம் பெரிய இடம் இருக்கு, கண்ணு தெரியலையா?" என்று அம்மா கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. செலவு அவளுடையது, அதனால் திட்டுகிற உரிமையும் அவளுடையது. அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவளை, கைவிட்டுப் போன மிக்ஸி அங்கே கட்டிப் போட்டுவிட்டது. பாசம் வந்ததால் செலவு செய்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பல வீடுகளில் செலவு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது, பாசம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வருகிறது.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்தது. கஞ்சி கரைய ஆரம்பித்தது. நாவல்பழச் சட்டைகளில் வெள்ளை வெள்ளையாக வழிந்தது. எதிர் டீமில் ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்தே ஆளை நிறுத்துகிறவன். எங்கள் ஆளை எட்டிப் பிடித்தான், கை வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. அந்த இடைவெளியில் எங்களவன் ஓடிப்போய் கோல் போட்டுவிட்டான். அம்மா போர்வையைத் தலைக்கு மேல் சுழற்றினாள்.

ஆனால் கஞ்சிக்கு நம்மவன், அடுத்தவன் என்று கிடையாது. அவர்கள் ஒரு கோல் திருப்பினார்கள். கடைசி நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் சுலபமான ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்தார். அது சோப்புக்கட்டி போல அவர் சட்டையில் வழுக்கி, அக்குள் வழியாகப் பின்னால் விழுந்து, கோட்டைத் தாண்டி உருண்டது. தோற்றுவிட்டோம்.

அம்மா நனைந்துகொண்டே நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேப்டன் எங்களை நோக்கி வந்தபோது என் கையை இறுக்கிக்கொண்டாள். அவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார், பால் போலக் கொட்டியது. "அண்ணி," என்றார். "அடுத்த வாட்டி கஞ்சி மட்டும் வாணாம். சரியா? அண்ணன் எப்டி கீறாரு?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. அவமானத்தில்தான் பேசவில்லை என்று நினைத்தேன். இனி இந்த வீட்டில் கிளப் என்ற பேச்சே எழாது, அப்பா அந்த முகத்தோடுதான் மிச்ச நாளும் இருப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேச்செடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட மனிதர் என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "நேத்து தாம்பரத்துல மழையா?" என்று கேட்டார்.

"மழையாவது மண்ணாவது! பிடிக்கத் தெரியாதவனையெல்லாம் கோல்ல நிக்க வெச்சா?" என்று அம்மா ஆரம்பித்தாள். காலி கோலுக்கு வெளியே அடித்தவனை வைதாள், எதிர் டீம்காரனை வைதாள், நடுவரை வைதாள். போகிற போக்கில் கஞ்சியையும் சொல்லிவிட்டாள். அப்பா சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவருக்கு வாக்கு நினைவு வந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. "சரி விடு," என்றார். "உனக்குச் சொன்னது சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் செக்ரட்டரியைப் பாத்து நான் விலகிடறேன்."

அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"நீங்க விலகறதுன்னா விலகிக்கோங்க," என்றாள். "நான் எதுக்கு விலகணும்?"