எஸ்தர் அக்காவிடம் மாற்றிக்கொண்ட வாக்குத்தத்தம்

இந்தப் புத்தாண்டன்று பல் துலக்கி முடிப்பதற்குள் என் கைப்பேசிக்குப் பதினாறு வாக்குத்தத்தங்கள் வந்துவிட்டன. ஒன்றில் கழுகு, ஒன்றில் அருவி, மற்றதிலெல்லாம் சூரிய உதயம். பதினாறிலும் எனக்கு உயர்வுதான். பொறுத்துக்கொள், விட்டுக்கொடு என்று ஒரு வார்த்தை? மூச். ஃபார்வர்டு செய்கிறவர்களுக்குப் பிடிக்காததைக் கடவுள் இப்போதெல்லாம் பேசுவதில்லை போலிருக்கிறது.

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வாக்குத்தத்தம் தட்டில் வரும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும், வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குச் சொல்வது அதுதான். கண்ணை மூடச் சொன்னார்களே தவிர, இறுக்கி மூடச் சொல்லவில்லை. ஓரக்கண்ணால் பார்த்து, ஓரத்தில் படம் தெரிகிற அட்டையாக உருவுகிற பரிசுத்தவான்கள் எங்கள் சபையில் நிறைய. அடியேன் அவர்களுக்குத் தலைவன்.

அந்த வருஷம் கடையில் மேனேஜர் நாற்காலி காலி. சந்தோஷம் என்றால் எனக்கு அந்த நாற்காலிதான். சுழலும், கை வைத்துக்கொள்ள இடம் இருக்கும், வேறென்ன வேண்டும்? ஆசையாக அட்டையைத் திருப்பினேன். பிறருக்காகத் தன்னையே கொடுத்துவிடுவதைப் பற்றிய வசனம். அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் எஸ்தர் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முடிச்சுப் போட்டு இணைக்கிற வேலை அவருக்கு. தனியாள். அவர் கையிலிருந்த அட்டையில் உயர்வு, ஆசீர்வாதம், கூடவே ஒரு மலை.

“இன்னாப்பா, புது வருசம் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?”

“எனக்கு வந்தது சரியில்லக்கா. மாத்திக்கலாமா?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “சாமி குடுத்தத மாத்த வந்த ஆள இப்பத்தான் பாக்கறேன். இந்தா, வெச்சிக்க. ஆனா நாயித்துக்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்.”

லாபமான பேரம் என்று ஒத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா ஒரு தூக்கு நிறையக் கஞ்சியோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். துணைக்கு ஆளில்லாமல் படுத்திருப்பவர்களுக்கு ஊட்டுவார், தலை வாரிவிடுவார், நகம் வெட்டுவார். பிரசங்கம் எல்லாம் கிடையாது. நான் கூலிக்கு மாரடிக்கிறவன் மாதிரி பின்னால் நின்றேன்.

“இதுல உனக்கு இன்னாக்கா கெடைக்குது?”

“நூறு வருசம் போனா நான் முடிச்சு போட்ட பட்டு இருக்காது, நீ போட்ட பில்லும் இருக்காது. இவங்கள ஆண்டவரு மறக்கமாட்டாரு. அவரு மறக்காத வேலையில நானும் ஒரு கை வெச்சிகினு கீறேன். சந்தோசமா கீதுப்பா.”

மூன்றாவது ஞாயிறு, இடுப்பு உடைந்து கிடந்த பெரணமல்லூர்ப் பெரியவர் ஒருவர் யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. நான் ஊட்டப்போய் அவர் கழுத்தெல்லாம் கஞ்சி. “ஊட்டறதுக்கு வக்கில்ல, வந்துட்டான்!” என்று திட்டினார். திட்டத் திறந்த வாயில் ஸ்பூனை வைத்தேன். முறைத்துக்கொண்டே முழுங்கினார். முழுக் கிண்ணமும் காலி. கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரம் வருவியா?” என்றார். வருகிறேன் என்றேன்.

திரும்பும்போது சைக்கிளில் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். காலையிலிருந்து அந்த நாற்காலி ஒருமுறைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பின்னாலும் வரவில்லை.

ஏனென்றால் புதன்கிழமையே முதலாளி கூப்பிட்டு என்னை மேனேஜராக்கிவிட்டார். வாக்குத்தத்தம் பலித்தது, அல்லேலூயா! கடவுள் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சாட்சியாகச் சொன்னேன், எல்லோரும் ஆமென் போட்டார்கள், அக்காதான் எல்லோரையும் விடச் சத்தமாக. முகூர்த்த சீசன் வேறு. ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம். அடுத்த வாரம் வருகிறேன் அக்கா என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

“பெரியவரு உன்னியே கேட்டுகினு கீறாருப்பா” என்றார் அக்கா.

நான் போகாமல் விட்ட நாலாவது வாரம் அக்காவே சொன்னார், “அந்தக் கட்டில்ல வேற ஆளு வந்துட்டாங்க.” அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த உதவியைக்கூட அவர் செய்யவில்லை.

அப்புறம் நாற்காலியில் பதினோரு வருஷம் சுழன்றேன். சம்பளம் உயர்ந்தது, முதுகுவலி வந்தது. அக்கா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு இப்போது சபையில் தனி வாட்ஸ்அப் குழுவே இருக்கிறது. யாராவது நோயாளி பெயர் போட்டால் போதும், கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழும். நானும் போடுவேன். தூக்கைத்தான் யாரும் எடுக்கவில்லை.

அந்தப் பதினோரு வருஷமும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா சபையின் முன்கேட்டில் நின்று, நான் வருகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறுவார். அது தெரிந்துதான் நான் பாஸ்டர் வீட்டுப் பக்கத்துச் சந்து வழியாக நழுவிக்கொண்டிருந்தேன். இப்போது முன்கேட் வழியாகவே தாராளமாக வரலாம். வந்து, கொஞ்ச நேரம் நின்றும் பார்க்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.