பாதுகாப்பு அறையின் சாவி

போர் மூளும் என்று பேச்சு அடிபட்டதும், அப்பா எங்கள் குவார்ட்டர்ஸின் ஸ்டோர் ரூமைப் பாதுகாப்பு அறையாக்கினார். ஹைதராபாத்துவரை எந்த விமானமும் வரப்போவதில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் அவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஜினியர். வீட்டுக்கு வந்தால் தளபதி. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டார்ச், பிஸ்கட் டின் எல்லாம் உள்ளே போயின. நாங்கள் பிஸ்கட்டைத் தின்றுவிடுவோமாம். பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை ஆபீஸ் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். அம்மா ஒரு பிடி பருப்பு கேட்டால்கூட, "அவசரம்னா என்னன்னு தெரியுமாடி ஒனக்கு?" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் ஒத்திகைச் சங்கு ஊதியது. காலனி முழுவதும் விளக்கை அணைத்தார்கள். அப்பா எங்களை அந்த அறை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், அப்படியே நின்றுவிட்டார். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது சாவிக்கொத்தை கேட் செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. பூட்டிய நாளிலிருந்து தினமும் அப்படித்தான் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்.

பூட்டை உடைக்கச் சுத்தியல்? அதுவும் உள்ளேதான்.

"சாவியாவது பத்திரமா இருக்கா?" என்றாள் அம்மா.

"துப்பாக்கியோட காவல் நிக்கிறான்" என்றார் அப்பா. அந்த இருட்டிலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.